பகுத்தனுப்பலும் கணக்கு வைத்தலும்
முகிற் சேமிப்பகத்துக்குப் பெருங்கோப்புகளைச் செய்நிரலால் ஏற்றும் முறை

(பழைய மாணவன் ஒருவன்)

தோற்றுவாய்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவது என்று சில நாள் எண்ணினேன். கல்லூரி வாழ்வின் இனிய நினைவுகளை எழுதுதற்கு என்னினும் மூத்தோரும் வல்லோரும் உளர். ஆதலால், யான் கற்ற தொழிலோடு இயைந்ததும், அண்மையிலே கல்லூரிக்காகச் செய்த பணியொன்றின்போது எனக்கே நன்கு விளங்கியதுமாகிய ஒரு பாடத்தை இங்கே எழுதத் துணிந்தேன். உயர்தர வகுப்பிலே கணினியியல் பயிலும் மாணவர்க்கு இது நேரே பயன்படும். தம் இல்லங்களிலுள்ள படங்களையும் ஆவணங்களையும் காக்க விரும்பும் பழைய மாணவர்க்கும் இதன் சாரம் பயன்படும் என நம்புகிறேன்.

நமது நூல்நிலைய அலுமாரியிலுள்ள பழைய கல்லூரி மலர்களுட் சிலவற்றுக்கு இன்று ஒரேயொரு படியே எஞ்சியுள்ளது. தாள்கள் பழுத்துத் தொட்டால் உதிரும் நிலையில் உள்ளன. பழைய மாணவர் சிலர் கூடி அவற்றைப் பக்கம் பக்கமாக ஒளிவருடிப் படங்களாக்கினோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் செறிவிலே, ஏ4 அளவுள்ள பக்கமொன்றைச் சுருக்காது வண்ணத்திற் பதிந்தால், அது ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் பைற்று இடங்கொள்ளும். 2,460 பக்கங்களும் அவற்றின் வரிசை அட்டவணையும் ஒன்றாகக் கட்டப்பட்டபோது 60 கிகாபைற்று அளவினதாகிய ஒரு பெருங்கோப்பு உருவாயிற்று. பக்கங்களைத் தனித்தனியே வைக்கலாகாதோ எனின், வைக்கலாம். ஆயினும் ஒரு கட்டாக இருந்தால் வரிசை குலையாது, ஒரே முத்திரையால் முழுவதையும் சோதிக்கவும் இயலும் என்பது எங்கள் கருத்து.

அக்கோப்பை ஒரே வட்டில் வைத்திருத்தல் தகாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் படியில்லாதனவும் இருந்தன. ஓரிடத்தில் மாத்திரம் உள்ளது ஒரு நாளிலே இல்லாமற் போகும் என்பதை நம்மவர்க்கு எவரும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஆகவே, கடல் கடந்த ஓரிடத்திலுள்ள முகிற் சேமிப்பகத்திலும் ஒரு படியை இடுவது எனத் தீர்மானித்தோம். அப்பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் ஒரு சேமிப்பகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து, கோப்பைத் தெரிந்து, அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு உறங்கச் சென்றேன். விடியற்காலையிலே இணைப்பு அறுந்து கிடந்தது. கோப்பு அங்கே இல்லை. அடுத்த இரவும் அவ்வாறே. மூன்றாம் இரவு மின்வெட்டு. மூன்று இரவுகளில் அனுப்பிய பைற்றுகளைக் கூட்டினால் கோப்பினும் பெரிதாகும். அங்கே சேர்ந்ததோ ஒன்றுமில்லை. தொழிலாற் கணினியோடு பழகிய யானே இப்பிழையைச் செய்தேன் என்பதை மறையாது கூறுகிறேன். அதன் பின்னரே, செய்ய வேண்டிய முறையிற் செய்தேன். அம்முறையே இக்கட்டுரையின் பொருளாகும்.

முகிற் சேமிப்பகம் என்பது யாது?

முகில் என்னும் பெயர் கேட்டு, அது வானத்திலுள்ளதென எவரும் மயங்கார். பெரிய கட்டடங்களில் அடுக்கி வைக்கப்பட்ட கணினிகளும் வட்டுகளுமே அது. அவற்றை ஒரு கொம்பனி பராமரிக்கிறது. நாம் இணையத்தின் வழியாக இடத்தை வாடகைக்குப் பெறுகிறோம். அமேசன் நிறுவனத்தார் 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கிய 'எஸ்3' என்னும் சேவை இத்துறையிலே முன்னோடியானது. கூகிள், மைக்கிரோசொப்ற் ஆகிய நிறுவனங்களும் இத்தகைய சேவைகளை நடத்துகின்றன. இக்கட்டுரையில் எஸ்3 சேவையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

எஸ்3 சேவையிலே நாம் இடும் ஒவ்வொன்றும் 'பொருள்' எனப்படும். பொருள்களை இடும் கொள்கலத்துக்குப் 'பக்கற்' என்று பெயர். நம் கணினியிலுள்ள கோப்பிலே வேண்டும்போது ஒரு வரியை இடையிற் சேர்க்கலாம். இத்தகைய பொருளிலோ அவ்வாறு செய்தல் வழக்கமன்று. ஒரு பொருள் முழுமையாக வந்து சேர்ந்தால் அது உண்டு. முக்காற் பங்கு வந்து நின்றால் அது இல்லை. இவ்விதி கடுமையானதாகத் தோன்றினும் நன்மை பயப்பது. பாதிக் கோப்பை முழுக் கோப்பென நம்பி எவரும் ஏமாறமாட்டார். ஆனால் என் மூன்று இரவுகளும் வீணானதற்கு இவ்விதியே காரணமாகும்.

ஒரே மூச்சில் அனுப்புவதன் இடர்

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். இக்கட்டுரையில் ஒரு மெகாபைற்று என்பது 10,48,576 பைற்று. ஒரு கிகாபைற்று 1,024 மெகாபைற்று எனக் கொள்க. செக்கனுக்கு ஒரு கோடி பிற்று, அதாவது 10 மெகாபிற்று, வெளியே அனுப்பவல்ல வீட்டு இணைப்பிலே 60 கிகாபைற்றை அனுப்புவதற்கு, இடையூறு யாதும் இல்லையாயின், 14 மணித்தியாலமும் ஏறத்தாழ 20 நிமிடமும் செல்லும். பதினான்காம் மணித்தியாலத்தில் இணைப்பு ஒரு கணம் அறுந்தாலும், அதுவரை சென்ற யாவும் கழிந்தனவே. கோப்பு இருமடங்கானால், அறுந்தால் இழக்கும் உழைப்பு மிகுவதோடு, அறுவதற்குரிய வாய்ப்பும் மிகும். எனவே, கோப்பின் அளவு கூடக் கூட இடர் அதனினும் விரைவாகக் கூடுகிறது. எஸ்3 சேவையில் ஒரே வேண்டுகோளில் இடக்கூடிய பொருளுக்கு 5 கிகாபைற்று என்னும் உச்ச எல்லை விதிக்கப்பட்டுள்ளது. அதனிற் பெரியதைப் பகுத்தே அனுப்புதல் வேண்டும். பகுத்தனுப்பும் வசதி அச்சேவையில் 2010ஆம் ஆண்டு நவம்பரில் வந்தது.

மாணவர் ஒருவர் இங்கே ஓர் ஐயம் எழுப்பலாம்: "இணையம் எல்லாவற்றையும் ஏற்கெனவே சிறு பொதிகளாகப் பகுத்தே அனுப்புகிறதன்றோ?" நல்ல வினா. 1960களில் அமெரிக்காவிலே போல் பரன் என்பாரும், இங்கிலாந்திலே டொனால்ட் டேவிஸ் என்பாரும் ஒருவரையொருவர் அறியாது இக்கருத்தை வளர்த்தனர். பொதி என்னும் பெயரை வழங்கியவர் டேவிஸ். 1974இல் வின்ற் சேர்வ், பொப் கான் ஆகிய இருவரும் வெளியிட்ட கருத்துகளின் வழியே 'ரி.சி.பி.' என்னும் ஒழுங்குவிதி தோன்றியது. அது பொதிகளுக்கு எண்ணிட்டு, வந்ததற்கு ஒப்புதல் பெற்று, வராததை மீள அனுப்புகிறது. எனவே, வழியில் ஒரு பொதி தவறினால் நமக்குத் தெரியாமலே அது சரிசெய்யப்படும். ஆனால், அக்கணக்கு எல்லாம் அந்த ஓர் இணைப்பின் நினைவிலேயே உள்ளது. இணைப்பு இறந்தால் அதன் கணக்கும் உடனிறக்கும். எவ்வளவு சென்றது என்பதைச் சொல்ல எவரும் இல்லை.

ஆகவே, நமக்கு வேண்டியது பகுத்தல் மாத்திரமன்று. இணைப்பு இறந்தாலும், கணினி அணைந்தாலும் இறவாத கணக்கு ஒன்று வேண்டும். இதுவே இப்பாடத்தின் உயிர்நிலை.

ஆழங்குறைந்த துறைமுகங்களின் பழைய வழக்கம் இதற்கு நல்ல உவமையாகும். கப்பல் கரையை அணுகமாட்டாது தூரத்தே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கை வத்தைகளில் ஏற்றிக் கரை சேர்ப்பர். கப்பலிலும் ஒரு கணக்கர், கரையிலும் ஒரு கணக்கர். எத்தனையாவது வத்தை, எத்தனை மூடை என்பதை இருவரும் எழுதுவர். புயல் எழுந்து பணி நின்றாலும், மறுநாள் எங்கே தொடங்குவது என்பது இருவர் ஏட்டையும் ஒப்பிட்ட அளவிலே தெரியும். வத்தைகள் இருந்து ஏடு இல்லையாயின், மறுநாட் காலை கலகமே மிஞ்சும்.

பகுத்தனுப்பும் முறை

எஸ்3 சேவையில் இப்பணி மூன்று படிகளையுடையது.

முதலாவது, தொடக்கம். 'கிரியேற் மல்ரிபார்ட் அப்லோட்' என்னும் கட்டளையால், இன்ன பக்கற்றில் இன்ன பெயரில் ஒரு பொருளைப் பகுதி பகுதியாக இடப்போகிறோம் என அறிவிக்கிறோம். சேமிப்பகம் அதற்கு ஓர் அடையாளக் குறியைத் தருகிறது. இதனைப் 'பதிவேற்றக் குறி' என்போம். இதன் பின்னர் செய்யும் ஒவ்வொரு வேண்டுகோளிலும் அக்குறி இடம்பெறல் வேண்டும்.

இரண்டாவது, பகுதிகளை அனுப்பல். 'அப்லோட் பார்ட்' என்னும் கட்டளையால் ஒவ்வொரு பகுதியையும் அதன் எண்ணோடு அனுப்புகிறோம். எண் 1 முதல் 10,000 வரை இருக்கலாம். பகுதி வந்து சேர்ந்ததும் சேமிப்பகம் 'ஈ-ராக்' என்னும் ஒரு முத்திரையைத் திருப்பியனுப்பும். இதுவே நம் பற்றுச்சீட்டு. பகுதிகளை வரிசையாகவே அனுப்ப வேண்டும் என்பதில்லை. ஏழாவது மூன்றாவதற்கு முன் செல்லலாம். பல ஒரே காலத்திலும் செல்லலாம். ஒரே எண்ணோடு ஒரு பகுதியை இரண்டாம் முறை அனுப்பினால், பிந்தியது முந்தியதன் இடத்தைப் பெறும். ஆகவே, சென்றதோ இல்லையோ என்னும் ஐயம் நேர்ந்தால் தயங்காது மீண்டும் அனுப்பலாம்.

மூன்றாவது, நிறைவு. எல்லாப் பகுதிகளும் சேர்ந்த பின்னர், 'கொம்பிளீற் மல்ரிபார்ட் அப்லோட்' என்னும் கட்டளையோடு, பகுதி எண்களையும் அவற்றின் ஈ-ராக் முத்திரைகளையும் ஏறுவரிசையில் எழுதிய பட்டியலை அனுப்புகிறோம். சேமிப்பகம் அப்பட்டியலைத் தன்னிடமுள்ளவற்றோடு ஒப்பிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கிறது. அக்கணத்திலேதான் பொருள் உருப்பெறுகிறது. அதுவரை அது எவர் கண்ணுக்கும் தோன்றாது.

பணியைக் கைவிட நேர்ந்தால் 'அபோர்ட்' என்னும் நான்காவது கட்டளையும் உண்டு. அதனைப் பின்னர் கூறுவேன்.

பகுதியின் அளவைத் தீர்மானித்தல்

இங்கே விதிகள் மூன்று. இறுதிப் பகுதி தவிர்ந்த ஏனைய ஒவ்வொன்றும் குறைந்தது 5 மெகாபைற்று இருத்தல் வேண்டும். எப்பகுதியும் 5 கிகாபைற்றுக்கு மேற்படலாகாது. பகுதிகளின் தொகை 10,000க்கு மேற்படலாகாது.

மூன்றாம் விதியிலேயே தொடக்கநிலையாளர் பெரிதும் இடறுவர். சிறிய அளவே பாதுகாப்பு என்றெண்ணி 5 மெகாபைற்றாகப் பகுத்தால், 60 கிகாபைற்றுக் கோப்பு 12,288 பகுதிகளாகும். 10,000 பகுதிகள் சென்ற பின்னரே தவறு வெளிப்படும். 5 மெகாபைற்றுப் பகுதிகளால் ஏறத்தாழ 48.8 கிகாபைற்று வரையே செல்ல முடியும். எனவே, கோப்பின் அளவை முதலில் 10,000ஆல் வகுத்து, வரும் விடையிலும் பெரிதாகிய ஓரளவைத் தெரிந்துகொள்க. 1,024 கிகாபைற்றுக் கோப்பாயின், விடை 104.86 மெகாபைற்று; 128 மெகாபைற்று எனக் கொண்டால் 8,192 பகுதிகளில் முடியும்.

யான் 64 மெகாபைற்று எனத் தெரிந்தேன். 60 கிகாபைற்று 960 பகுதிகளாயிற்று. முன்கூறிய இணைப்பிலே ஒரு பகுதி செல்ல 54 செக்கன் ஆகும். இணைப்பு எக்கணத்தில் அறுந்தாலும் இழப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைந்த உழைப்பே. பகுதி மிகச் சிறிதாயின் வேண்டுகோள்களின் தொகை பெருகும்; ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் சிறு கட்டணமும் சிறு தாமதமும் உண்டு. மிகப் பெரிதாயின் இழப்பு மிகும். இவ்விரண்டுக்கும் நடுவே அவரவர் இணைப்பின் தன்மைக்கேற்ப அளவைத் தெரிக.

பல பகுதிகளை ஒருங்கே அனுப்பினால் பணி விரைவாக முடியுமோ எனின், அகன்ற இணைப்புள்ள இடத்திலே முடியும். ஓர் இணைப்பால் நிரப்ப முடியாத வழியைப் பல இணைப்புகள் நிரப்பும். நம் வீட்டிலுள்ள 10 மெகாபிற்று இணைப்பை ஒன்றே நிரப்பிவிடுமாயின், நான்கு சேர்ந்தாலும் வழி அகலாது. மின் அறும்போது நான்கு பகுதிகள் அரைகுறையாகும். ஆதலின் யான் ஒவ்வொன்றாகவே அனுப்பினேன்.

வழுக்களும் மீளமுயலலும்

ஒரு பகுதி செல்லாதபோது செய்நிரல் உடனே மடிந்துவிடலாகாது. ஓயாது மோதிக்கொண்டிருக்கவும் கூடாது. முதல் வழுவுக்குப் பின் ஒரு செக்கன், அடுத்து இரண்டு, பின்னர் நான்கு, எட்டு, பதினாறு எனக் காத்திருந்து முயலல் வேண்டும். அக்கால அளவோடு எழுந்தமானமான சிறு எண்ணொன்றைக் கூட்டுதல் நன்று. இன்றேல், ஒரே வேளையில் இடறிய பல கணினிகள் ஒரே வேளையில் மீண்டும் வந்து வாயிலை நெருக்கும்.

எல்லா வழுவும் ஒரு தன்மையன அல்ல. இணைப்பு அறுதல், சேமிப்பகம் 503 என்னும் எண்ணால் 'சற்றே பொறு' எனல் ஆகியவை காலத்தால் தீர்வன. 403 என்னும் எண்ணோடு வரும் மறுப்போ உரிமை பற்றியது. நூறு முறை முயன்றாலும் மாறாது. கணினியின் கடிகாரம் உண்மை நேரத்தினின்று 15 நிமிடத்துக்கு மேற் பிழைபட்டிருந்தாலும் எஸ்3 சேவை வேண்டுகோளை மறுக்கும். மின்வெட்டுக்குப் பின் பழைய கணினிகளில் இது நேர்வதுண்டு. முன்னையவற்றுக்கு மீளமுயல்க, பின்னையவற்றுக்கு நின்று காரணத்தை ஆராய்க.

'பைதன்' மொழியில் எழுதுவோர்க்குப் 'போற்றோ3' என்னும் நிரற்றொகுதி உண்டு. அதிலுள்ள 'அப்லோட் பைல்' என்னும் ஒரே கட்டளை, கோப்பு 8 மெகாபைற்றை எட்டினால் தானே பகுத்து, பல இழைகளால் அனுப்பி, சிறு வழுக்களுக்குத் தானே மீளமுயன்று, நிறைவும் செய்துவிடும். பெரும்பாலான பணிகளுக்கு அதுவே போதும். ஆயினும், அதன் கணக்கு அச்செய்நிரலின் நினைவிலேயே இருக்கிறது. கணினி அணைந்தால் அக்கணக்கும் மறையும். மறுநாள் முதலாம் பகுதியிலிருந்தே தொடங்கும். மின்வெட்டுக்கு அஞ்சும் நாம் கணக்கை வட்டிலே எழுதல் வேண்டும்.

செய்நிரலின் ஒழுங்கு

யான் எழுதிய செய்நிரலின் ஒழுங்கைச் சொற்களில் தருகிறேன். எம்மொழியில் எழுதுவோரும் இதனைப் பின்பற்றலாம்.

1. கோப்பின் அளவையும் முழுக் கோப்பின் 'எஸ்.எச்.ஏ.-256' முத்திரையையும் கணித்து, 'பேரேடு' என்னும் சிறு கோப்பில் எழுதுக. பதிவேற்றம் முடியும்வரை மூலக் கோப்பை எவரும் திருத்தலாகாது.

2. பேரேட்டிலே பதிவேற்றக் குறி இல்லையாயின், தொடக்கக் கட்டளையை அனுப்பி, பெற்ற குறியையும் பகுதி அளவையும் உடனே எழுதுக. குறி ஏற்கெனவே இருந்தால் மீண்டும் தொடங்கற்க.

3. பேரேட்டிற் பற்றுச்சீட்டு இல்லாத முதல் எண்ணைக் காண்க. எண்ணில் ஒன்றைக் கழித்துப் பகுதி அளவாற் பெருக்கினால், கோப்பில் எவ்விடத்திலிருந்து வாசிப்பது என்பது தெரியும்.

4. அப்பகுதியை மாத்திரம் வாசித்து அனுப்புக. 60 கிகாபைற்றையும் நினைவகத்தில் ஏற்ற முயலற்க.

5. ஈ-ராக் முத்திரை வந்த பின்னரே, எண்ணையும் முத்திரையையும் பேரேட்டில் எழுதி, வட்டிலே அக்கணமே பதியச் செய்க. வருமுன் எழுதுவது பொய்க்கணக்காகும்.

6. எல்லா எண்களுக்கும் பற்றுச்சீட்டு இருந்தால், பேரேட்டிலுள்ள பட்டியலோடு நிறைவுக் கட்டளையை அனுப்புக.

7. வந்த பதிலை முழுமையாக வாசிக்க. பெரிய பொருளை இணைக்கச் சில நிமிடங்கள் ஆகலாம் என்பதால், வெற்றியைக் குறிக்கும் 200 என்னும் எண் முதலில் வந்துவிட்டு, பதிலின் உள்ளே வழுச்செய்தி இருப்பதும் உண்டு. தலைப்பை மாத்திரம் பார்த்து மகிழலாகாது.

சேமிப்பகத்தின் இரகசியத் திறவுகோலை இச்செய்நிரலின் வரிகளில் எழுதி வைத்தலும் ஆகாது. செய்நிரலைப் பிறருக்குக் கொடுக்கும் நாளில் திறவுகோலும் உடன் சென்றுவிடும்.

சேமிப்பகத்திடமும் ஒரு பட்டியல் உண்டு. 'லிஸ்ற் பார்ட்ஸ்' என்னும் கட்டளையால், இதுவரை எவ்வெப் பகுதிகள் சேர்ந்துள்ளன எனக் கேட்கலாம். ஒரு பதிலில் 1,000 பகுதிகள் வரையே தரும். அதற்கு மேற்பட்டால் தொடர்ந்து கேட்டல் வேண்டும். அவ்வாறாயின் பேரேடு எதற்கு என்பீர்கள். அப்பட்டியலைச் சரிபார்த்தற்கு மாத்திரம் கொள்க. நிறைவுக் கட்டளைக்கு உங்கள் சொந்தப் பட்டியலையே தருக என்று அமேசன் நிறுவனத்தாரே அறிவுறுத்துகின்றனர். கரையிலிருக்கும் கணக்கர் வந்ததை அறிவார். வர வேண்டியதை அறிபவர் கப்பலிலிருக்கும் கணக்கரே.

முத்திரையைச் சோதித்தல்

நமக்குக் கிடைக்கும் ஈ-ராக் முத்திரை பொதுவாக அப்பகுதியின் 'எம்.டி.5' எண்ணாகும். 1992இல் ரொனால்ட் றிவெஸ்ற் என்பார் வெளியிட்ட இம்முறை, எவ்வளவு பெரிய தரவையும் 128 பிற்றாகச் சுருக்கும். தரவில் ஒரு பிற்று மாறினாலும் முத்திரை முற்றும் வேறாகும். வேண்டுமென்றே ஏமாற்ற முயல்வோரை இது தடுக்காது. 2004இல் அதன் குறை வெளிப்பட்டது. ஆயினும் வழியில் நேரும் தற்செயற் பழுதுகளைக் காணப் போதுமானது. சில மறைகுறியாக்க முறைகளைப் பயன்படுத்தினால் ஈ-ராக் எம்.டி.5 ஆக இராது என்பதையும் நினைவிற் கொள்க.

பகுத்து ஏற்றிய முழுப் பொருளின் ஈ-ராக் முழுக் கோப்பின் எம்.டி.5 அன்று. ஒவ்வொரு பகுதியின் எம்.டி.5 எண்ணையும் பதினாறு பைற்றாக வரிசையில் அடுக்கி, அவ்வடுக்குக்கு மீண்டும் எம்.டி.5 கண்டு, இறுதியில் ஒரு சிறு கோடும் பகுதிகளின் தொகையும் சேர்ப்பதே அதன் அமைப்பு. எங்கள் பொருளின் முத்திரை '-960' என முடிந்தது. அதே கோப்பை வேறு அளவிற் பகுத்தால் முத்திரையும் வேறாகும். இதனை அறியாதோர் இரண்டும் பொருந்தவில்லையெனக் கலங்குவர். பகுதி அளவைப் பேரேட்டில் எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறைவுறாதவற்றின் கதி

தொடங்கிவிட்டு நிறைவு செய்யாத பதிவேற்றம் என்னாகும்? எஸ்3 சேவையில் அது தானாக மறையாது. சேர்ந்த பகுதிகள் அங்கேயே கிடக்கும். பக்கற்றிலுள்ள பொருள்களைப் பட்டியலிட்டாலும் கண்ணுக்குத் தோன்றா; ஆயினும் அவற்றுக்கு மாதந்தோறும் வாடகை ஏறும். எனவே, கைவிடுவதாயின் 'அபோர்ட்' கட்டளையால் முறைப்படி கைவிடுக. மறதிக்கு மருந்தாக, தொடங்கி ஏழு நாளில் நிறைவுறாதவற்றை நீக்குக என்பது போன்ற விதியொன்றைப் பக்கற்றிலே எழுதி வைக்கலாம்.

ஏனைய சேமிப்பகங்களில் இவ்வொழுங்கு சிறிது மாறும். மைக்கிரோசொப்ற் நிறுவனத்தாரின் 'அசூர்' சேவையில் பகுதிகளுக்குக் 'கட்டை' என்னும் பொருளுடைய பெயர். ஒரு பொருளில் 50,000 வரை இருக்கலாம். பட்டியல் கொடுத்து உறுதிசெய்யாதவை ஒரு வாரத்தில் நீக்கப்படும். கூகிள் சேவையின் தொடர் பதிவேற்ற முறையில், இதுவரை எத்தனை பைற்று வந்தது என்று கேட்டு, அடுத்த பைற்றிலிருந்து அனுப்பலாம். துண்டுகள் 256 கிலோபைற்றின் மடங்குகளாக இருத்தல் வேண்டும். பெயர்கள் மாறினும் எண், பற்றுச்சீட்டு, பட்டியல், நிறைவு என்னும் சாரம் ஒன்றே.

முடிவுரை

நான்காம் இரவு எட்டு மணிக்குச் செய்நிரலை ஓடவிட்டேன். விடியற்காலை ஐந்து மணியளவில் மீண்டும் மின்வெட்டு. மின் வந்த பின் பேரேட்டைத் திறந்தேன். 612 வரிகள் இருந்தன. சேமிப்பகத்தைக் கேட்டேன், அது 613 என்றது. காரணம் விளங்கிற்று: 613ஆம் பகுதி போய்ச் சேர்ந்துவிட்டது; பற்றுச்சீட்டு என் கைக்கு வருமுன் மின் அறுந்தது. முன்கூறிய விதிப்படி அதனை மீண்டும் அனுப்பினேன். புதியது பழையதன் இடத்தைப் பெற்றது. எஞ்சிய 348 பகுதிகளும் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்திற் சென்று முடிந்தன. நிறைவுக் கட்டளைக்குரிய பதிலை இறுதிவரை வாசித்தேன். முத்திரை பொருந்தியது. பின்னொரு நாள், வேறொரு கணினியில் அக்கோப்பை இறக்கி எஸ்.எச்.ஏ.-256 முத்திரையையும் ஒப்பிட்ட பின்னரே, பணி முடிந்ததென மலர்க்குழுவினருக்கு அறிவித்தேன்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கூறி முடிக்கிறேன். 100 மெகாபைற்றுக் கோப்பு ஒன்றை எடுத்து, 8 மெகாபைற்றாகப் பகுத்து அனுப்பும் செய்நிரலை எழுதுக. பகுதிகள் 13; இறுதிப் பகுதி 4 மெகாபைற்று. அது ஏன் ஏற்கப்படுகிறது என்பதை நீங்களே கூறுக. ஏழாம் பகுதி செல்லும்போது வலைக் கம்பியைக் கழற்றுக. கணினியை அணைத்துவிடுக. மீண்டும் தொடங்கும்போது உங்கள் செய்நிரல் முதலாம் பகுதியைத் தேடிச் செல்லுமாயின், அதற்கு இன்னும் கணக்கு எழுதத் தெரியவில்லை என்பது பொருள். ஏழாம் பகுதியிலே அமைதியாகத் தொடருமாயின், அதனிடம் எவரும் நம்பி ஒரு பெட்டகத்தை ஒப்படைக்கலாம்.

நமது மலர்களின் பெட்டகம் இப்போது இரண்டு இடங்களில் உள்ளது. அதன் பேரேட்டின் அச்சுப்படியொன்றை நூல்நிலையப் பொறுப்பாளரிடம் கொடுத்துள்ளேன். 960 வரிகள்; விரும்புவோர் அங்கே பார்க்கலாம். இம்மலரும் வெளிவந்த பின்னர் அப்பெட்டகத்தோடு ஒன்றாகச் சேரும்.